எர்மிந்தாவுக்கு இறங்கிய சாலை

சொராகேயிலிருந்து லா மெர்சேத் வரை ஓக் காட்டுக்குள் போகும் பழைய தார்ச்சாலை, எர்மிந்தா செலி சைக்கிளில் போகும்போது இரு திசையிலும் இறக்கமாக இருந்தது. போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். மற்றவர்களுக்கு அது என்றும்போல் முதல் பாதி மூச்சு முட்டும் ஏற்றம், கணவாயைத் தாண்டினால் இறக்கம். கொலம்பியாவின் போயாகா மலையில் சைக்கிள் இல்லாத வீடு கிடையாது என்பதால் செய்தி பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது. ஊரார் அதை அந்த வாரத்து உருளைக்கிழங்கு விலையோடு சேர்த்துப் பேசிவிட்டு மறந்தார்கள். அவளுடைய கணவன் எவேலியோ திபாதுயிசாவால் மட்டும் மறக்க முடியவில்லை.

எவேலியோ இளவயதில் பந்தயக்காரன். நாட்டின் பெரிய பந்தயத்தில் ஒரு மதியம் முழுக்க எல்லோருக்கும் முன்னால் தனியாக மலையேறி, கடைசி வளைவில் பின்னால் வந்தவர்களிடம் முதலிடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஊர்ச் சதுக்கத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்தான். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை வந்து லாரிகளும் பேருந்தும் அந்தப் பக்கம் போனதும், பழைய சாலையை சைக்கிளுக்கு மட்டும் விடவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவன் அவன்தான். மாடு கட்டி இழுத்து இரண்டு முனையிலும் பாறை வைத்ததும் அவன்தான். ஒரே மழைக்காலத்தில் சாலையோரம் பாசி படர்ந்தது. மூடுபனிக்குள் பறவைகளும் பல்சக்கரமும் தவிர வேறு சத்தமில்லை. தலைநகரத்திலிருந்துகூட ஆட்கள் பளபளக்கும் சட்டையோடு வந்து மிதித்தார்கள். எவேலியோ அவர்களிடம் 'என் சாலை' என்றே சொல்லுவான்.

எர்மிந்தா அதுவரை சைக்கிளில் தூரம் போனவள் அல்ல. அவள் சுடும் பாலாடைக்கட்டி ரொட்டிக்கு லா மெர்சேத்தில் வாடிக்கை இருந்தது, சுரங்கப்பாதைக்கு மாறிய பேருந்து இப்போது அங்கே போவதில்லை, அவ்வளவுதான். கடையின் மூலையில் கிடந்த கறுப்புச் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். எந்த வளைவில் கியரை மாற்ற வேண்டும், எந்த இடத்தில் கொய்யா மிட்டாயைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எவேலியோ அவளுக்குச் சொல்லி அனுப்பினான். சூப் கொதிப்பதற்குள் திரும்பி வந்தவளின் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

அந்த மலையில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டாலும் ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் அழைப்பார்கள். நாய்க்குட்டிக்கும் அதே மரியாதைதான்.

"ஏற்றம் எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டான் எவேலியோ.

"எந்த ஏற்றம்?" என்றாள் அவள். "நான் மிதிக்கவே இல்லீங்களே. அதுவா இறங்குச்சு. வளைவு வந்தா அதுவே சமமாகி மெதுவாக்குது. பிரேக்கைக்கூட தொடலை."

அவன் நம்பாமல் மறுநாளிலிருந்து சில நாள் கூடவே போனான். அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதித்தான். அவள் சக்கரத்துக்கு முன்னால் தார் தாழ்ந்து ஓடியது. அவன் சக்கரத்துக்கு அடியில் அதே தார் செங்குத்தாக நிமிர்ந்தது. அவள் பாட்டு முணுமுணுத்தாள், அவன் நாக்குத் தள்ள மிதித்தான். ஒரே ஆறுதல், அவளை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு போக முடிந்ததுதான். வயதானாலும் கால் கால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் பொறாமை அவன் வயிற்றில் கூடு கட்டிவிட்டது. தன் பந்தயச் சைக்கிளை அவளுக்குக் கொடுத்து அந்தக் கறுப்புச் சைக்கிளில் ஏறிப் பார்த்தான். அவளுடைய கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ரொட்டிக் கூடையும் கட்டிக்கொண்டு போனான். சாலை ஏமாறவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்தவனுக்கு முதுகைக் காட்டிவிட்டு, மாவு பிசைகிறவளுக்குப் பாய் விரிக்கிறதே என்று அவனுக்குத் தூக்கம் கெட்டது. தலைநகரத்துச் சைக்கிள்காரர்கள் இப்போது அவன் கடைக்கு வந்து, "எர்மிந்தா அம்மா எப்போ கிளம்புவாங்க?" என்று கேட்டார்கள். அவளோடு பேசுவதை அவன் குறைத்தான். ரொட்டியில் உப்பு தூக்கல் என்றான். அவள் உப்பைக் குறைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கிழங்கு வியாபாரி மிசாயேல், சுரங்கப்பாதைச் சுங்கக் கட்டணத்தைத் தவிர்க்க, பழைய சாலையை லாரிக்குத் திறந்துவிடும்படி ஊர்ச்சபையில் கேட்டான். எல்லோரும் எவேலியோவைப் பார்த்தார்கள். அவன் மறுத்தால் அத்தோடு முடிந்தது. எவேலியோ சுவரைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினான். அவன் தூக்கியதால் மற்றவர்களும் தூக்கினார்கள்.

பாறைகள் உருண்டன. லாரிகள் பாசியைச் சுரண்டிக்கொண்டு ஏறின, மரங்களில் கரி படிந்தது, பறவைகள் மேலே போய்விட்டன. ஒரு லாரி உரசிப் போனதில் எர்மிந்தாவின் கூடை பள்ளத்தில் விழுந்தது. அவள் வீட்டுக்கு வந்து, சைக்கிளைக் கடைச் சுவரின் கொக்கியில் மாட்டிவிட்டு, மாவைப் பிசையப் போனாள். ஏன் கை தூக்கினீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மழைக்காலம் தொடங்கும் முன், துருப்பிடிக்கிறதே என்று அந்தச் சைக்கிளைக் கீழே இறக்கித் துடைத்தான். பிரேக் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அவள் முதல்முதலாகப் புறப்பட்ட அன்று அவன் புதிதாகப் போட்ட ரப்பர். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"பிரேக்கே தொடறதில்லைன்னு சொன்னீங்க. இது எப்படித் தேய்ஞ்சுது?"

எர்மிந்தா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "தனியாப் போனப்ப தொடலை. நீங்க கூட வந்த நாள்லெல்லாம் தேய்ஞ்சது. பிரேக்கைப் பிடிக்கலேன்னா உங்களை விட்டுட்டு அது என்னைக் கொண்டு போயிருக்கும்."

"வழி பூராவுமா பிடிச்சீங்க?"

"உங்களுக்கு ஏறின வழி பூராவும்தான். கை மரத்துப் போகும்."

"அப்போ உங்க சக்கரத்தை விடாம நான் ஒட்டி வந்தது என் கால் பலத்தால இல்லையா?"

"கால் பலமும்தான்" என்றாள் எர்மிந்தா. "போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க, ரப்பர் கரி ஒட்டியிருக்கு."

அடுத்த ஊர்ச்சபையில் எவேலியோ எழுந்து நின்று, பாறைகளைத் திரும்ப வைக்க வேண்டும் என்றான். மிசாயேல் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

"ஐயா, முதல்ல கை தூக்கினது நீங்கதானே? கிழங்கு மாதிரி தினம் ஒரு விலை சொல்றீங்களே?"

"தூக்கினேன்" என்றான் எவேலியோ. "என் மனைவிக்கு அந்தச் சாலை இறங்குது, எனக்கு ஏறுது. அந்த வயித்தெரிச்சல்ல தூக்கினேன்." சொல்லி முடிப்பதற்குள் அவன் காது சிவந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. "அது ஊருக்கே தெரியும், உக்காருங்க" என்றாள் சபைத் தலைவி. பின்வரிசையில் இருந்த எர்மிந்தா முதலில் கையைத் தூக்கினாள். பிறகு மற்றவர்கள் தூக்கினார்கள். மிசாயேலின் அண்ணன்கூடத் தூக்கினான், அவனும் ஞாயிற்றுக்கிழமை மிதிப்பவன்.

பாறைகள் மறுபடி வந்தன. கரி மழையில் கழுவிப் போனது, பாசி திரும்பியது, பறவைகள் கொஞ்சம் தயங்கித்தான் இறங்கின. சாலை எர்மிந்தாவிடம் கோபம் வைத்திருக்கவில்லை, முன்போலவே தாழ்ந்து கொடுத்தது. எவேலியோவுக்காகவும் அது மனம் மாறவில்லை, முன்போலவே நிமிர்ந்தது. அவனுடைய பொறாமையும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. முட்டி வலியைப்போல ஏற்றத்தில் மட்டும் வந்தது. ஆண்டுகள் போயின. பிரேக் ரப்பர் தேயும்போதெல்லாம் அவள் கேட்காமலே அவன் மாற்றி வைத்தான், அவளும் அதைப்பற்றிப் பேசவில்லை. எவ்வளவு செங்குத்து என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "யார் போறாங்கங்கறதைப் பொறுத்து" என்பான். காலை நேரத்தில் அந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் இருவரையும் பார்ப்பதுண்டு. பக்கத்தில் பக்கத்தில், ஒருத்தி இறங்கிக்கொண்டும் ஒருவன் ஏறிக்கொண்டும், ஒரே வேகத்தில், அடுத்த வீட்டுக்காரியின் கோழியைப்பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். கணவாய் வந்ததும் அவனுக்கும் சாலை இறங்கத் தொடங்கும். அங்கேதான் எர்மிந்தா பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்து, ஒவ்வொன்றாக உதறிக்கொள்வாள்.