பாக்கி பதினான்கு தகரம்

குழி வெட்டிய இருவரும் மேலே ஏறி வந்ததும் ஷுபிரா மஞ்சள் கேனைச் சாய்த்து அவர்கள் கைகளில் தண்ணீர் ஊற்றினாள். அன்று அந்த மலைச்சரிவு முழுவதிலும் மண்வெட்டி பிடித்த கைகள் அவை மட்டும்தான். இறந்தவரைப் புதைக்கும்வரை ஊரில் யாரும் நிலத்தைக் கொத்த மாட்டார்கள். இறந்த வீட்டு வாசலில் மூன்று நாளைக்கு எதையும் விற்பதில்லை, வாங்குவதில்லை.

“ஆழம் போதுமாம்மா?” என்று ஒருவன் கேட்டான்.

“போதும்ண்ணே.”

அவனுக்குக் கேட்கவில்லை. “என்னது?” என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

குழி ஷுபிராவின் அப்பா பியாபாட்டோவுக்கு. அந்த வீட்டுக்கு வந்த குரல் மொத்தத்தையும் அவர் ஒருவரே எடுத்துக்கொண்டார் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் இருபது வருடமாக ஏலம் போட்டவர் அவர். காசில்லாதவர்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் வாழைத்தார், பூசணி, முட்டை, கோழி எல்லாம் அவர் கையில்தான் விலையாகும். வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் ஏலம். ஒரே கோழியை ஐந்து தடவை விற்றிருக்கிறார். பொருள் தலைக்கு மேலே இருக்கும்போது யார் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் அது ஏலக் கேள்விதான். ஒருமுறை போனில் மனைவியிடம் “எட்டாயிரம்” என்று கத்திய ஒருவன் தலையில், அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காத பூசணிக்காயைக் கட்டிவிட்டார்.

இரண்டு வருடமாக அவர் எல்லாவற்றையும் கூரையாகத்தான் விற்றார். “இது முட்டையில்லைங்க, ஆணி. இது கோழியில்லைங்க, முக்கால் தகரம்.” அந்தக் கூரை, பள்ளிக்கூடத்துப் பெண்கள் விடுதிக்கு. பள்ளிக்கூடம் எதிர்மேட்டில்தான் தெரியும், ஆனால் பாதை சுற்றிச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர். நடுவில் நாணல் மண்டிய சதுப்பு. ஷுபிரா இரண்டாம் படிவம்வரை நடந்தாள். ஒரு மாலை அந்தச் சதுப்புப் பாதையில் ஒருவன் பின்னாலேயே வந்தான். அவள் ஓடி வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா விடுதிக்காக முதல் வாழைத்தாரைத் தூக்கினார். ‘விடுதி வரட்டும், உன் பேரை மறுபடியும் எழுதிக்கறேன்’ என்று தலைமையாசிரியை அவளிடம் சொல்லியிருந்தார்.

கடல் தாண்டி இருக்கும் ஒரு சபை சுவர் எழுப்பிக் கொடுத்தது. கூரையில் பாதியை ஊர் போட்டால் மீதிப் பாதியை அவர்கள் போடுவார்கள். ஊரின் பங்கு அறுபது தகரம். இந்த ஞாயிறு மாலைக்குள் அது சேராவிட்டால் அவர்கள் பங்கு மலைக்கு அந்தப்புறம் காத்திருக்கும் ஊருக்குப் போய்விடும். போன ஞாயிறு ஏலம் முடிந்தபோது நாற்பத்தாறு சேர்ந்திருந்தது. “பாக்கி பதினாலு, அவ்வளவுதான்” என்றபடி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அப்பா வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்திருக்கவில்லை.

இன்று ஞாயிறு.

பெட்டியை இறக்கினார்கள். சபை மொத்தமும் கோயிலை விட்டு வீட்டு வாழைத் தோட்டத்துக்கே வந்திருந்ததால் ஆராதனையும் குழியோரமே நடந்தது. மண் மூடியாயிற்று. போதகர் அங்கியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“இன்னைக்கு ஏலம் இல்லை. பெரியவர் வேண்டாங்கறார். கடல் தாண்டின சபைக்காரங்ககிட்ட இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்க்கறேன். கொடுப்பாங்கன்னு தோணலை.”

பெரியவர் என்றால் அப்பாவின் அண்ணன், முத்தலெம்வா. ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். “அழ வேண்டிய வாசல்ல சிரிச்சு வியாபாரம் பண்றதா? அவன் போட்ட ஏலம் அவனோட போச்சு.”

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பீன்ஸ் போட்டு அவித்த வாழைக்காய் இலை இலையாக வந்தது. ஷுபிரா சமையல் கொட்டகை ஓரமாக நின்று பார்த்தாள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் இத்தனை பேர் கூடியதில்லை. ஏரிக்கு அக்கரை ம்வான்சா நகரத்திலிருந்து கப்பலேறி வந்த உறவுக்காரர்கள், காப்பிக்கொட்டை வாங்கும் வியாபாரி கஷைஜா, பக்கத்து ஊர்ப் பாடகர் குழு. நான்கு மணி பஸ்ஸுக்குப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். சுவரோரம் துக்கத்துக்கு வந்த வாழைத்தார்கள் இடுப்புயரம் குவிந்து கிடந்தன.

“எஸ்தேரி அத்தே,” என்றாள், அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம். “அந்தச் சேவல் யார் கொண்டாந்தது?”

“யார் கொண்டாந்தா என்ன? ராத்திரி குழம்பு.”

“எனக்குக் குடேன்.”

எஸ்தேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கால் கட்டிய சேவலை எடுத்து அவள் கையில் வைத்தாள். “பெரியப்பா கோல் நீளம் எவ்வளவுன்னு தெரியுமில்ல?”

ஷுபிரா முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். சேவலைத் தலைக்கு மேலே தூக்கினாள். அது சிறகடித்ததில் அவள் தலைத்துணி அவிழ்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“என்னம்மா பண்ற?” என்றார் பெரியப்பா.

“சேவல்” என்றாள்.

யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

“தெரியுது சேவல்னு. கீழ இறக்கு.”

அவள் இறக்கவில்லை. பெரியப்பா கோலை ஊன்றி எழுந்தார். அவருக்கு இதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். “சரி, சேவல்தானே? நானே எடுத்துக்கறேன். பத்தாயிரம் ஷில்லிங். போதுமா? உள்ள போ!”

சேவல் இன்னும் அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, பெரியப்பாவுக்கு மட்டும்தான் ஒரு கணம் பிந்திப் புரிந்தது.

“பதினோராயிரம்” என்றார் கஷைஜா, வாயில் வாழைக்காயோடு.

வாழைத் தோட்ட எல்லைத் தகராறில் ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. பெரியப்பா மெதுவாகத் திரும்பினார். “நான் ஏலம் கேட்கல. அவளை உள்ள போகச் சொன்னேன்.”

“சேவல் மேல இருந்துச்சு, எண் வெளிய வந்துச்சு. உங்க தம்பி இருந்தா விட்டிருப்பாரா? பூசணிக்காய்க்காரனைக் கேளுங்க.”

“விடலையே!” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து பூசணிக்காய்க்காரன் கத்தினான். இந்த முறை சிரிப்பை யாரும் மறைக்கவில்லை.

ஷுபிரா பேசினாள். அப்பாவைப்போலக் கத்த அவளால் முடியவில்லை. “பதினோராயிரம். எங்கப்பா துக்கத்துக்கு வந்த சேவல், கஷைஜா மாமா சட்டிக்குப் போகுது.”

“என்ன சொல்றா? என்ன சொல்றா?” என்றபடி பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். அவள் மெதுவாகப் பேசப் பேசக் கூட்டம் நெருங்கியது. குழந்தையின் வாயைக்கூட ஒருத்தி கையால் பொத்தினாள்.

“பதினஞ்சு!” என்றார் பெரியப்பா.

“இருபது.”

“டேய், உனக்கு எதுக்குடா சேவல்? உன் வீட்ல கூவற ஆளே நீதானே? முப்பது!”

முப்பதாயிரம் ஒரு முழுத் தகரம். கஷைஜா கைகளை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். ஷுபிரா சேவலைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் அக்குளில் வைத்தாள். அவர் அதைப் பிடித்தபடி நின்றார். எதிரே தம்பியின் மண்மேடு ஈரமாக இருந்தது. சேவல் அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது.

“இந்தா,” என்றார் கடைசியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “மறுபடியும் வில்லு. சத்தமா வில்லு. அவன் மானத்தை வாங்காத.”

அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சேவல் நான்கு முறை விலை போனது. வாழைத்தார்களைப் பாடகர் குழு ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்தது. ம்வான்சாக்காரர் ஒருவர் தன் கழுத்து டையை அவிழ்த்துக் கொடுத்தார். அதைக் குழி வெட்டியவர்கள் இருவரும் கூட்டாக வாங்கி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டார்கள். “ஒன்பது தகரம்… பத்து…” என்று போதகர் எண்ணினார். வெயிலில் அவர் அங்கி நனைந்திருந்தது. ஷுபிராவின் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் உதடசைவைப் பார்த்தே ஆட்கள் விலை கேட்டார்கள்.

பதின்மூன்றரையில் நின்றது. கீழே சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. விற்க எதுவும் மிச்சமில்லை. கேட்கவும் யார் பையிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

துக்க நாள் முடியும்வரை, புல் பரப்பிய அறையை விட்டு அம்மா வெளியே வரக்கூடாது. எஸ்தேரி உள்ளே போய்த் திரும்பி வந்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு முட்டை.

“அக்கா கொடுத்துச்சு. ஆணின்னு சொல்லச் சொன்னுச்சு.”

ஷுபிரா அதைத் தூக்கிக் காட்டினாள். உதடு மட்டும் ‘ஆணி’ என்று அசைந்தது.

“பதினஞ்சாயிரம்” என்றார் பெரியப்பா. அதே நொடியில் கஷைஜாவும் அதையே சொன்னார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நான்தான் முதல்ல” என்றார் பெரியப்பா.

“என் பையில ஏழாயிரத்து ஐந்நூறுதான் இருக்கு,” என்றார் கஷைஜா. “வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

பெரியப்பா தன் பையைத் துழாவினார். “என்கிட்டயும் அவ்வளவுதான் இருக்கும்போல.” சிறிது யோசித்தார். “முட்டையை எப்படிடா ரெண்டாப் பிரிக்கறது?”

“அவிச்சாப் போச்சு அண்ணே.”

“பதினாலு!” என்று போதகர் கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். புதைத்து மூன்று மணி நேரம்கூட ஆகாத மண்ணுக்குப் பக்கத்தில், அழுது வீங்கிய கண்களோடு நீளமாகக் குலவையிட்டார்கள். அது சதுப்பைத் தாண்டிப் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்மேட்டில் லாரி ஏறும் சத்தம் கேட்டது. துக்க வீட்டில் பாய்கள் இன்னும் சுருட்டப்படவில்லை. மதியத்துக்குமேல் பள்ளிக்கூட மேட்டிலிருந்து சுத்தியல் சத்தம் வரத் தொடங்கியது. தகரத்தில் விழும் அடி எதிரொலித்து இரண்டு இரண்டாகக் கேட்டது. வாசலில் இருந்த யாரோ, “துக்க வீடு வரைக்கும் கேட்குது, நாளைக்கு அடிக்கச் சொல்லலாமா?” என்றார். “அடிக்கட்டும்” என்றார் பெரியப்பா, அவித்துக் காயவைத்த காப்பிக்கொட்டையை மென்றபடியே.

புல்மேல் உட்கார்ந்திருந்த அம்மா ஷுபிராவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். முதுகைக் காட்டி உட்கார வைத்தாள். பக்கத்தில் கிடந்த காய்ந்த வாழைநாரில் நீளமாக ஒன்றைக் கிழித்தெடுத்து, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை பிடித்துப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். “பழைய சீருடை இனிப் பத்தாதுடி, கையை நீட்டு” என்றாள்.