மதகடிப் படிகள்

அணையின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. பதினோரு வருஷமாக அதே அறை, அதே ஜன்னல். புருஷன் போய்ச் சேர்ந்து, ஒரே பெண்ணும் கல்யாணமாகித் தூரமாய்ப் போன பிறகு ஒண்டிக்கட்டை. பணியில் பேச்சுத்துணை என்றால் இன்ஜினியரின் போன் ஒன்றுதான். ஆனால் ஜன்னலுக்குக் கீழே, மதகடிப் படிகளில், தூண்டில்காரர்கள் இருந்தார்கள். தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். யாருடைய பேரும் அவளுக்குத் தெரியாது. பெரிய மீன் சிக்கினால் அவளைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவார்கள். அவளும் டீ கிளாஸை உயர்த்திக் காட்டுவாள். அவ்வளவுதான் உறவு, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே விடாத தூறல். படிகளில் ஒருவரும் இல்லை. மேலே நல்ல மழை, இரண்டு ஷட்டரை ஒரு அடி தூக்கு என்று உத்தரவு வந்தது. விதிப்படி மூன்று முறை சைரன் ஊதினாள். பத்து நிமிஷம் பொறுத்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். பக்கச் சுவருக்குப் பின்னால், அவள் கண்ணுக்கு எட்டாத மூலையில், ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் அவரை அடித்துக்கொண்டு போய் மணல்திட்டில் ஒதுக்கியது. உயிர் தப்பினார், தோள்பட்டை இறங்கிவிட்டது. விசாரணையில் அவர் சொன்னது ஒரே வரி: சைரன் ஊதவே இல்லை. அவரைக் கரையேற்றிய சலவைக்காரரோ, துணி அடிக்கிற சத்தத்தில் தன்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். சைரன் ஊதியதற்கு அவள் கையால் எழுதிய பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவளுக்கு ஒரு மெமோ வந்தது. படிகளுக்கு எட்டடி முள்வேலி வந்தது. அணை என்றால் பாதுகாப்பு சமாச்சாரம், கண்டவரும் மதகடி வரை வந்து போக இத்தனை நாள் விட்டதே தப்பு என்று மேலிடம் கேமராவும் மாட்டியது.

தூண்டில்காரர்கள் மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. கோபம் அவள் பக்கம் திரும்பியது. மளிகைக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும், வெளியேறினால் மறுபடி தொடங்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். பணியில் எட்டு மணி நேரமும் வெறும் படிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாலு மாதம் கழித்து, யாரோ பார்க்க வந்திருப்பதாக, வேலிக்கென்று புதிதாகப் போட்ட வாட்ச்மேன் போன் பண்ணினார். இறங்கிப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் லேத்துக்காரர். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்ன வேணும் என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள்.

“என்னைப் பாத்துப் பேசும்மா,” என்றார் அவர். “வாயசைவப் பாத்தாத்தான் எனக்குப் புரியும்.”

அவள் திரும்பினாள். அந்த நொடியே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நீ ஊதியிருப்பே. முப்பது வருஷம் லேத்து ஓட்டின காது, அதுக்குத்தான் கேக்கல. செவிடுன்னு தெரிஞ்சா என் பையன் வாசப்படி தாண்ட விடமாட்டான். அதான் பொய் சொல்லிட்டேன்.”

“உங்க ஒருத்தர் பொய்யால எல்லாருக்கும் வேலி,” என்றாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பிச் சொல்லும்போது அவளுடைய கோபம் பாதியாகிவிட்டிருந்தது.

மறுநாளே அவர் இன்ஜினியரிடம் போய் உண்மையை எழுதிக் கொடுத்தார். மெமோ ஒரு வரிக் கடிதத்தில் ரத்தானது. வேலியைப் பற்றி அவள் கேட்டபோது இன்ஜினியர் நிதானமாகச் சொன்னார்: “காது கேக்காதவங்களும் அங்க வந்து உக்காருவாங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சே. இனிமேதாம்மா அந்த வேலி கட்டாயம் வேணும்.” யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது. ஞாயிறு காலையில், அடையாள அட்டையோடு, மேல்கரையில் மட்டும் தூண்டில் போடலாம். மேல்கரை அவள் ஜன்னலுக்குத் தெரியாது.

விடுமுறை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அங்கே போனாள். ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஓடுகிற தண்ணீரில் மேய்கிற மீன் இங்கே தேங்கின தண்ணீரில் எங்கே கடிக்கும்? ஒருவர் தன் பெட்டியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். பிறகு அவர்தான், லேத்துக்காரர் எப்படி இருக்கிறார், வெளியிலேயே காணோமே என்று அவளிடம் விசாரித்தார்.

தெரியாது என்றாள். அவர் வீடு எங்கே என்றுகூட அவள் கேட்டு வைத்திருக்கவில்லை.