வெள்ளையம்மாள் கழற்றிய ஃபில்டர்

திண்டிவனம் பட்டறையில் மெக்கானிக் ராஜ்குமார் கையை விரித்துவிட்டான். வெள்ளையம்மாளின் பைக்கில் ஆயில் ஒழுகும் ஃபில்டர், சைலன்சர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"கை நுழையாது பெரியம்மா. இன்ஜினை இறக்கணும், நாலு நாளாவும். லைசென்ஸ் டெஸ்ட்டைத் தள்ளிப் போடுங்க."

"அறுபது வயசு வரைக்கும் தள்ளிப் போட்டதே போதும். பதினோரு மணிக்கு நான் விழுப்புரத்துல இருக்கணும். நவுருடா!"

காய்ந்த மண்ணில் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கிய கை, வளையலோடு உள்ளே போனது. ஒரே திருகில் ஃபில்டர் வந்தது. கூடவே, போன வருடம் பட்டறையில் காணாமல்போன இரண்டு ஸ்பேனர்களும் ஓர் ஓணானும் வந்தன. ஓணான் ராஜ்குமாரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனது.

புது ஃபில்டரையும் அவளே முடுக்கினாள். அவன் ஆயிலை ஊற்றிவிட்டு, "கையெல்லாம் கறுப்பு, கழுவிக்கினு போங்க" என்றான்.

"இருக்கட்டும். இன்ஸ்பெக்டரும் பார்க்கட்டும்" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.