ஏழாம் படுக்கை

நாலாவதும் பெண் என்பதால் எனக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்டவளை ஆர்குட்டில் முப்பத்தோரு பேர் 'சூப்பர்' என்று புகழ்ந்தால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை.

2008, நர்ஸ்கள் தினம். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், வார்டிலேயே கேக் வெட்டினோம். "இன்னாடி, சினிமாக்காரி கணக்கா கீற!" என்று கூட வேலை பார்க்கும் அமிர்தவல்லி செல்லில் என்னைப் படமெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் அதை ஆர்குட்டில் போட்டேன். வாரத்தில் அந்த ஒருநாள்தான் எனக்கு லீவு.

வியாழக்கிழமை சாவித்ரி மாமி மாமல்லபுரத்திலிருந்து வார்டுக்கு வந்தார். அவர் மகள் மதுவந்தி டி.பி.க்காக எங்களிடம் இரண்டு வாரம் இருந்துவிட்டு, முந்தின வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பியிருந்தாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கிரிஷ் வீட்டாரிடம், மதுவந்தி அத்தை ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"கல்யாணம் நின்னுடுத்து வேண்டா. டி.பி.ன்னு தெரிஞ்சுபோச்சாம். எப்படித் தெரியும்னு கேட்டா அவாத்துல சொல்ல மாட்டேங்கறா. நீ சொல்லியிருக்க மாட்டே, எனக்குத் தெரியும்."

"சத்தியமா நான் யாராண்டயும் சொல்லல மாமி."

அடுத்த ஞாயிறு, இன்னும் எத்தனை 'சூப்பர்' என்று எண்ண உட்கார்ந்தேன். மதுவந்தியும் ஆர்குட்டில் என் தோழி. திங்கட்கிழமையே எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். தினமும் பார்ப்பேன் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

"அக்கா, போட்டோல உங்க பின்னாடி வார்டு போர்டு தெரியறது. கிரிஷ் என் ஃப்ரெண்ட்ஸ் பக்கமெல்லாம் பாப்பார். சீக்கிரம் எடுத்துடுங்கோ, ப்ளீஸ்."

படத்தைத் திறந்தேன். என் தோளுக்கு மேலே, சாக்பீஸில், என் கையெழுத்து. படுக்கை 7, மதுவந்தி, டி.பி.

அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? மாமி காலில் விழுந்து ஒத்துக்கொள்வது என்று மாமல்லபுரம் பஸ் ஏறினேன்.

மாமி காபி கொடுத்தார். "ஆஸ்பத்திரில அத்தனை பேர்ல இவ ஒருத்திதான்டி வாயைக் கட்டிண்டு இருந்திருக்கா," என்றார் மகளிடம்.

"மாமி..." என்று ஆரம்பித்தேன்.

"காபி ஆறிடப் போறது. குடிங்கோ அக்கா," என்றாள் மதுவந்தி சட்டென்று.

வழியனுப்ப வாசலுக்கு அவள் மட்டும் வந்தாள். "அம்மாகிட்ட நான் சொல்லலை. நீங்களும் சொல்லாதீங்கோ. தெரிஞ்சா அந்த வார்டுப் பக்கமே என்னை அனுப்ப மாட்டா. நான் இன்னும் அஞ்சு மாசம் அங்க வந்துதான் மாத்திரை சாப்பிடணும்."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஐந்து மாதமும் மாமி மகளை அழைத்து வந்தார். வேறு யார் மாத்திரையை நீட்டினாலும் வாங்க மாட்டார். நான் வரும்வரை காத்திருப்பார்.