அவன் பேசி முடிக்கட்டும்

ஈனோக் 'பக்' என்ற தன் எருதை ஓட்டிக்கொண்டு கொல்லன் பட்டறை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எருதின் முன்னங்கால் லாடம் கழன்று விழுந்து மூன்று நாளாகிறது. பாதை முழுவதும் பனி உறைந்து வழவழவென்று கிடந்தது. லாடமில்லாத எருதை அதில் நடத்துவதும், அதன் காலை நாமே ஒடிப்பதும் ஒன்றுதான். மண் தெரிந்த இடமாகப் பார்த்துப் பார்த்து நடத்தி, அரை மைல் வர ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"ரூஃபஸ், நான்தான்டா" என்று குரல் கொடுத்தார்.

சுத்தியல் நின்றது. ரூஃபஸ் வாசலுக்கு வந்து எருதைப் பார்த்தார். ஈனோக்கின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நெருப்பு அணைஞ்சு போச்சு."

அவர் முதுகுக்குப் பின்னால் உலை திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்டது. சாத்திய கையோடு சுத்தியல் சத்தமும் மறுபடி கிளம்பிவிட்டது.

குதிரையென்றால் வேறு எவனையாவது கெஞ்சிக் கேட்டு லாடம் அடித்துக்கொள்ளலாம். எருது மூன்று காலில் நிற்காது. வயிற்றுக்கடியில் வார் கொடுத்து மரச்சட்டத்தில் தூக்கிக் கட்ட வேண்டும். ஆஷ்பிரூக் ஊரில் அந்தச் சட்டம் ரூஃபஸிடம் மட்டும்தான் இருந்தது.

முப்பது வருஷச் சினேகிதம். இங்கிலாந்து ராஜாவின் படையை எதிர்த்துப் போனபோது இருவரும் ஒரே கம்பளிக்குள் சுருண்டு படுத்தவர்கள். அப்படிப்பட்டவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தும்படி ஈனோக் என்ன செய்துவிட்டார்? பாஸ்டனுக்குப் போய், ஊர் சொன்னதற்கு மாறாக ஒரு வாக்குப் போட்டுவிட்டார்.

பிலடெல்ஃபியாவில் எழுதிய புது அரசியல் சட்டம் ஊருக்கு வந்தபோது, ஊர்க்கூட்டத்தில் கூரை பிளக்கக் கத்தியது ரூஃபஸ்தான். "நாலு மாசம் ஜன்னலச் சாத்திக்கிட்டு எழுதுனாங்களாமே! மக்களாகிய நாங்கள்னு ஆரம்பிக்கிறான். எந்த மக்கள்? என்னைய எவன் கேட்டான்? மனுஷன் வாயத் தொறந்து பேசலாம்னு அதுல ஒரு வரி இருக்கா? ராஜாவத் தொரத்திட்டு இன்னொருத்தன் காலுல விழவா நாம சண்டை போட்டோம்?"

அத்தனை பேரும் கை தட்டினார்கள். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பாஸ்டன் மாநாட்டுக்கு, எதிர்த்து வாக்குப் போட்டுவிட்டு வா என்று சொல்லி ஈனோக்கை அனுப்பினார்கள். வழியில் குளிருமே என்று ரூஃபஸ் தன் ரோமக் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார்.

அங்கே முந்நூற்றைம்பது பேருக்கு நடுவில் நாள்கணக்காக உட்கார்ந்து ஈனோக் காது கொடுத்துக் கேட்டார். பழைய ஒப்பந்தத்தில் பதின்மூன்று மாநிலமும் பதின்மூன்று பக்கம் இழுத்ததைக் கேட்டார். இனிச் சட்டம் போடுகிறவர் வேறு, நடத்துகிறவர் வேறு, நியாயம் சொல்கிறவர் வேறு. ஒருவர் எல்லை மீறினால் மற்றவர் கையைப் பிடித்துத் தடுப்பார் என்பதையும் கேட்டார். ஊர் கேட்ட உரிமைகள் அதில் இல்லைதான். ஆனால் அவற்றைச் சேர்க்கச் சொல்லி ஒரு பட்டியலும் கூடவே போகும் என்றார்கள். திருத்துகிற வழியையும் அந்தச் சட்டமே வைத்திருந்தது. நாலு இரவு தூங்காமல் புரண்டுவிட்டு, சரி என்று வாக்குப் போட்டார். பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் அது ஜெயித்தது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று ஊரில் ஒருவராவது கேட்கட்டுமே! யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஈனோக்கின் மனைவி இறந்து இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்து இருக்கை அடைப்பிலிருந்து ரூஃபஸின் மனைவி கெசாயா, கங்கு போட்ட கால்பெட்டியைத் தடுப்புக்கு மேலாக நீட்டுவாள். "கொஞ்ச நேரம் வச்சுக்குங்கண்ணே, பாதம் வெறைச்சுப் போயிரும்" என்பாள். இப்போது பெட்டி அந்தப் பக்கமே இருந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சோளக்கூழைக் கிண்டித் தனியாகக் குடித்துவிட்டு, தொழுவத்தில் பக்கிடம் போய் உட்காருவார். "நீயாவது கேளுடா" என்று பாஸ்டன் கதையை ஆரம்பிப்பார். அது அசைபோட்டபடி அவரையே பார்க்கும்.

மார்ச் ஊர்க்கூட்டம் வந்தது. அதில் எவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து பேசலாம். அந்த நாளைத்தான் ஈனோக் நம்பிக் காத்திருந்தார். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் ரூஃபஸ் திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தார். எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஊர் சொன்னத மீறுனேன். அதுக்குத் திட்டுங்க. ஆனா ஏன்னு மட்டும்..."

தடதடவென்று பூட்ஸ் கால்கள் பலகைத் தரையை உதைத்தன. வாய் அசைவது அவருக்குத் தெரிந்தது, குரல் அவருக்கே கேட்கவில்லை. தலைமை வகித்த தேவாலய ஊழியர் டீக்கன் பெல்டிங் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும்விட ஓங்கி உதைத்தது ரூஃபஸின் கால். ஈனோக் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஆற்றுப் பாலம். மாவு ஆலைக்குப் பக்கத்தில் கட்டலாம் என்று ஊரே ஒத்துக்கொண்ட விஷயம். ரூஃபஸ் எழுந்தார். "ஆலைகிட்ட வேணாம். பட்டறைத் திருப்பத்துலதான் கட்டணும்."

"ஆமாமா, ஒம் பட்டறை வாசலுக்கே ஊரத் தூக்கிட்டு வந்துருவோம்!" என்றார் ஆலைக்காரர். கூடம் அதிரச் சிரித்தது. "கேளுங்கய்யா, பனிக்கட்டி ஒடைஞ்சு வரும்போது..." என்று ரூஃபஸ் தொடங்கினார். தடதடவென்று கால்கள் கிளம்பிவிட்டன.

நல்லா வேணும் என்றுதான் ஈனோக்குக்கு முதலில் தோன்றியது. அவரும் மனிதர்தானே. ஆனால் ரூஃபஸின் பெரிய கறுத்த கைகள் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்த கண்கள், கால் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதனிடம் வந்து நின்றன.

ஈனோக் எழுந்தார். உதை இரண்டு மடங்கானது. அவர் ஒன்றும் பேசவில்லை, உட்காரவும் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் உதைப்பார்கள்? கால் வலித்தவன் ஒவ்வொருவனாக ஓய்ந்தான்.

"பாலம் ஆலைகிட்டதான் வரணும்" என்றார் ஈனோக். "ரூஃபஸ் பேச்சுக்கு எதிராத்தான் நான் கை தூக்கப்போறேன். ஆனா அவன் பேசி முடிக்கட்டும். பேசுற உரிமை அந்தக் காகிதத்துல இல்லேன்னு இதே கூடத்துலதானே கொதிச்சோம்? எல்லாரும் தலையாட்டுற பேச்சுக்குக் காவல் எதுக்குய்யா? தனியா நிக்கிறவன் பேச்சுக்குத்தான் அது வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. டீக்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரூஃபஸ், சொல்லுப்பா" என்றார்.

ரூஃபஸ் திக்கித் திணறிச் சொன்னார். வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து வரும்போது ஆலைப் பக்கம் தூணை முட்டுமாம். திருப்பத்தில் பாறை தாங்குமாம். சிலர் யோசித்தார்கள். ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது, ரூஃபஸின் கை ஒன்றுதான் அவர் பக்கம் உயர்ந்தது. சொன்னபடியே ஈனோக்கும் எதிராகத்தான் தூக்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு ஈனோக் தனியாக நடந்தார். பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு எதிராவே தூக்கிட்டியேடா, மடையா!"

"ஆமா. பாலம் ஆலைகிட்டதான் வரணும்."

"அது தப்பு."

"இருக்கட்டுமே."

ரூஃபஸ் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "அம்புட்டுப் பேரு நடுவுல அப்படி ஒத்தையா நின்னப்பதான்டா தெரிஞ்சுது, ஒன்னைய என்ன பாடு படுத்தியிருக்கேன்னு. எழுதி வச்சாத்தான் உரிமைன்னு கத்திக்கிட்டு இருந்தேன். அடுத்தவன் வாய அடைக்க ராஜாவே வேணுங்கிறதில்ல, நம்ம காலே போதும். நமக்குப் புடிக்காதவன் பேச்ச நாம உக்காந்து கேக்கலேன்னா, எந்தக் காகிதத்துல என்ன எழுதி என்னடா பிரயோசனம்?"

ஈனோக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எருத ஓட்டிக்கிட்டு வா" என்றார் ரூஃபஸ்.

"நெருப்பு அணைஞ்சு போச்சுன்னியே?"

"அது அணையவே இல்லடா."

பக்கை வாரில் தூக்கிக் கட்டி, காலை மரச்சட்டத்தோடு சேர்த்து இறுக்கினார்கள். ரூஃபஸ் ஆணிகளைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தார். ஓங்கப் போனவர், ஆணிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இது கெடக்குது. பாஸ்டன்ல என்னதான் நடந்துச்சு? மொதல்லேருந்து சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."