அக்கா கை படாத முந்தி

தேனி கடைவீதியில் ஞானசிகாமணியின் ஜவுளிக் கடைக்கு மேலே ஒரு மாடியறை. அதில் நாலு மேசைகள். மூன்றில் சாராள், பவுனு என்ற இரண்டு பெண்களும் செல்வமணி என்ற பையனும். சன்னலோரத்து மேசை அவர்களுக்கு மேலாளரான கிருபாவதியுடையது. கடையின் சேலைகளுக்குக் கரையும் புட்டாவும் முந்தியும் பிறப்பது அந்த அறையில்தான். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்று வைத்து வரைவார்கள். அதைப் பார்த்து அட்டைகளில் துளை குத்தி, அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்டுவார்கள். துளை உள்ள இடத்தில் நூல் எழும்பும். தாளில் இருந்த படம் துணியில் இறங்கும்.

அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிருபாவதி தொடாமல் எந்தத் தாளும் அட்டை குத்தப் போகாது. "அக்கா கை பட்டாச்சா?" என்று கேட்டுத்தான் கீழே வாங்கிக்கொள்வார்கள். அவள் ரப்பரை எடுப்பாள். ஒரு இலையைக் கொஞ்சம் சாய்ப்பாள், ஒரு கொடியை வளைப்பாள், மயிலின் கழுத்தை நீட்டுவாள். தாள் அழகாகித் திரும்பி வரும். பிள்ளைகள் இப்படித்தான் கற்றுக்கொள்வார்கள் என்று அவள் மனதார நம்பினாள்.

எழுபத்தாறாம் வருஷம் தை மாதக் கடைசியில் ஞானசிகாமணி மதுரை ரயிலில் இருந்து இறங்கிய கையோடு மாடியேறி வந்தார்.

"நம்மகிட்ட வாங்குற மதுரைக் கடையில சொன்னாக, கிருபா. நம்ம சேலை அத்தனையும் ஒரே கை வரைஞ்ச மாதிரி இருக்காம்."

கிருபாவதி முகம் மலர்ந்தது.

"சிரிக்காத தாயி. ஒரு கைதான்னா எனக்கு எதுக்கு நாலு பேரு?"

மீதியை அவர் மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னார். பங்குனிக் கல்யாணங்களுக்கு மதுரைக் கடை புதுசாக ஒரு முந்தி கேட்கிறது. இதுவரை வந்த எதன் சாயலும் அதில் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று வராவிட்டால் கிருபாவதி மட்டும் இருந்தால் போதும். மற்ற மூன்று பேரும் மாசி முடிந்ததும் நின்றுகொள்ளலாம். சொல்லிவிட்டு, காபி வந்ததா என்று கேட்டபடி இறங்கிப் போனார்.

சாராள்தான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா, நீங்களே மூணு விதமா வரைஞ்சு எங்க பேரைப் போட்டுருங்க. அண்ணாச்சிக்கா தெரியப் போகுது."

கிருபாவதி அலமாரியில் இருந்த மாதிரித் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள். எது சாராள் வரைந்தது, எது செல்வமணி வரைந்தது என்று பார்த்தாள். தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் அதே சாய்ந்த இலை. அதே நீண்ட கழுத்து. அத்தனை மயிலும் அவளுடைய மயில்.

மறுநாள் காலையில் மூன்று பேரிடமும் சொன்னாள். ஆளுக்கு ஒரு முந்தி வரைய வேண்டும். எதிலும் அவள் கை வைக்க மாட்டாள். அதற்கு முன்னால் எல்லாரும் பின்கட்டுத் தறிக்கூடத்துக்குப் போய் உட்கார வேண்டும்.

அதுவரை யாரும் அங்கே போனதில்லை. மாடியில் இருப்பவர்கள் மாடியில், தறியில் இருப்பவர்கள் தறியில் என்பது கடையின் நடைமுறை. மூன்று பேரும் தயங்கித் தயங்கி உள்ளே வந்ததும் மூத்த நெசவாளி செல்லப்பாண்டி மிதியை நிறுத்தினான்.

"கட்டம் போடுற கையெல்லாம் இங்கன வந்திருக்கே. வாங்க ஆத்தா. தறி கடிக்காது, உக்காருங்க."

பவுனு அவன் தறியருகே உட்கார்ந்தாள். ஜெயமங்கலத்துப் பெண். விவசாயக் குடும்பம். அறையில் அதிகம் பேசாதவள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. நெய்த துணியில் பூவே தெரியவில்லை. நூல் முடிச்சும் இழுவையுமாகக் கிடந்தது. செல்லப்பாண்டி சிரித்துக்கொண்டே தறிக்குக் கீழே, மிதிக்கிற கால்கள் இறங்கும் குழியைக் காட்டினான். அங்கே, அவன் கால்மாட்டில், சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி.

அவள் குனிந்து பார்த்தாள்.

சேலையின் நல்ல முகம் கீழே இருந்தது. கண்ணாடிக்குள் செம்பூக்கள் வரிசையாக மலர்ந்து தொங்கின. மிதி விழும்போதெல்லாம் ஒரு பூ ஒரு நூல் அளவு வளர்ந்தது. எத்தனை மாதமாகச் சிவப்புப் பென்சிலால் கட்டம் நிரப்பியிருக்கிறாள். அந்தக் கட்டங்கள் இங்கே வந்து உயிரோடு நின்றுகொண்டிருப்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அன்று சாப்பாட்டுக்குக்கூட அவள் எழுந்து போகவில்லை.

தினமும் வந்தாள். ஒரு நாள் செல்லப்பாண்டி பக்கத்துத் தறிக்காரனோடு வாயடித்துக்கொண்டிருந்ததில் நூல் ஒன்று பிசகிவிட்டது. பிசகினால் அட்டைச் சங்கிலியைப் பின்னோக்கித் திருப்பி, நெய்ததை இழை இழையாகப் பிரிக்க வேண்டும். அவன் சங்கிலியைத் திருப்பினான். பேச்சு மும்முரத்தில் பிரிக்க மறந்து, அப்படியே நெய்துகொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணாடியைப் பார்த்தான். பாதிப் பூவின் மேல் அதே பாதிப் பூ தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் தன்னையே திட்டியபடி நூலில் கை வைத்தான்.

"பிரிக்காதீக அண்ணே," என்றாள் பவுனு. "கொஞ்சம் இருங்க."

அவள் வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாடிக்கு ஓடினாள்.

கெடு நாளில் மூன்று தாள்களும் கிருபாவதியின் மேசைக்கு வந்தன. செல்வமணியின் மாங்காய்க் கொடி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பழசு. சாராளின் கிளி பல்லியைப் போல இருந்தது. அதைச் சாராளே முதலில் சொல்லிச் சிரித்துவிட்டாள். பவுனுவின் தாளில் மேல் பாதியில் மட்டும் மலை இருந்தது. மேற்கே தினமும் பார்க்கிற மலைதான், முகடு முகடாக. கீழ்ப் பாதி வெறும் கட்டங்கள். அதன் விளிம்பில் சின்னதாக, 'இங்கிருந்து அட்டை பின்னால் திரும்பும். குறுக்கே நீல ஊடை நூல். நடுநடுவே வெறும் இழை' என்று எழுதியிருந்தது.

கிருபாவதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாதித் தாள் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று பேர் பிழைப்பு இதில் தொங்குகிறது. மலைக்குக் கீழே ஒரு தோப்பு வரைந்துவிட்டால் போதும், மானமாவது தப்பும். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அவள் பென்சிலைச் சீவினாள். முதல் தென்னையின் அடியையும் போட்டுவிட்டாள். அந்த ஒற்றைக் கோடே பார்க்க எத்தனை லட்சணமாக இருந்தது. அந்த லட்சணத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. மாதிரித் துண்டுகளில் பார்த்த அதே வளைவு.

அழித்தாள். தாளை அப்படியே அட்டை குத்தக் கொடுத்தாள். வாங்கியவர் வழக்கம்போல் கேட்டார். கை படவில்லை, அப்படியே குத்துங்கள் என்றாள்.

மாதிரி நெய்கிற அன்று ஞானசிகாமணியும் தறிக்கூடத்துக்கு வந்துவிட்டார். செல்லப்பாண்டி பச்சை ஊடையில் மலையை ஏற்றி முடித்தான். அப்புறம் ஊடை ஓட்டும் நாடாவை மாற்றி நீலம் போட்டான், சங்கிலியைத் திருப்பினான். பவுனு அவன் பக்கத்தில் நின்று, எங்கே வெறும் நீல இழை ஓட வேண்டும் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே பார்த்தவர்களுக்கு வழக்கமான நூல் குழப்பம்தான்.

கிருபாவதிதான் முதலில் குழியோரம் மண்டியிட்டுக் குனிந்தாள்.

கண்ணாடிக்குள் வைகை அணை இருந்தது. பச்சை மலை நின்றது. அதன் காலடியில் தண்ணீரில் அதே மலை தலைகீழாகக் கிடந்தது. வெறும் இழைகள் ஊடே ஓடியதால் நிழல் மலை நீண்டு, அங்கங்கே அறுந்து, அலையில் ஆடுவது போல ஆடியது. பாதி அட்டைதான் குத்தியிருந்தார்கள். மறுபாதி மலையை ஒருவரும் வரையவே இல்லை. அது எங்கிருந்து வந்தது? பத்து வருஷமாகக் கட்டம் நிரப்பியவள் அவள். தண்ணீரைக் கட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தன்னால் இதை வரைந்திருக்கவே முடியாது என்பது அவளுக்கு வெட்கமாக இல்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பவர்களைப் போல அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்துவிட்டார். தலையைக் குழிக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி.

"யாரு கை இது?"

"பவுனு கை, அண்ணாச்சி."

அவர் பவுனுவை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆத்தா, தண்ணி அசையுதே," என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செல்லப்பாண்டி, அதற்குக் காரணமே தன் வாய்தான் என்று சொல்லிப் பார்த்தான். ஒருவரும் கேட்கவில்லை.

மதுரைக் கடைக்காரர்கள் துண்டைப் பார்த்த வாரமே ஆள் அனுப்பினார்கள். இதே போல அல்ல, இதைவிட வேறாக இன்னொன்று சித்திரைக்கு வேண்டும் என்றார்கள். ஞானசிகாமணி மாடியேறி வந்து, நாலு பேரும் இருக்கட்டும் என்றார். சித்திரைக்கு எப்படியும் பவுனுதானே வரையும் என்று கேட்டார்.

கிருபாவதி யோசிக்கவில்லை. "சாராள் வரையட்டும் அண்ணாச்சி. பவுனு அட்டை குத்தக் கத்துக்கணும்ங்குறா. செல்வமணி இன்னைக்கி இருந்து சாயப்பட்டறைக்குப் போறான்."

"கெட்டுப் போனா?"

"ஒரு துண்டு நூல்தானே கெடும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்று இறங்கிப் போனார்.

சாராள் வழக்கமாக எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவள். இப்போது, "அக்கா, தப்பா வந்தா நீங்க ஒரு தடவை..." என்று இழுத்தாள்.

"பார்ப்பேன். தொட மாட்டேன்," என்றாள் கிருபாவதி.

சாராள் ஒரு புதுத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் படியிறங்கினாள்.