பத்து நிமிஷ நுரை

வெயில் காலம் தொடங்கியதிலிருந்து டிரைவர் தினமும் காலையில் நாயைக் குளிப்பாட்டினார். ஏழு மணிக்கே சிமெண்டுத் தரை சுட்டது. தனக்கே வியர்த்து ஊற்றும்போது, உடம்பு முழுக்க ரோமத்தைச் சுமந்து திரிகிற ஜீவன் என்ன பாடுபடும் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. தான் குளிக்கிற வாசனைச் சோப்பையே தாராளமாகத் தேய்த்து, நாலு வாளி ஊற்றிவிட்டு டெப்போவுக்குக் கிளம்பிவிடுவார்.

நாய்க்கு வைத்த பேர் இன்ஸ்பெக்டர். வருகிறவர்களின் பையை மோந்து சோதனை போடாமல் உள்ளே விடாது. மாடியில் டிரைவர் குடும்பம். கீழே அவர் மனைவியின் தம்பி, கணக்கு வாத்தியார். இன்ஸ்பெக்டருக்கு இரண்டு வீடும் சொந்தம். இந்த இரண்டு ஆண்களுக்கு மட்டும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒருநாள் டிரைவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார். மொட்டைமாடித் தொட்டி வழிந்து, கீழே ஜன்னலோரம் இருந்த விடைத்தாள் கட்டு ஊறிப்போனது. வாத்தியார் விருந்தாளிகள் முன்னாலேயே, "மோட்டாரை நிறுத்தத் தெரியாதவரு பஸ்ஸை எப்படித்தான் நிறுத்துறாரோ!" என்று கேட்டுவிட்டார். இருபத்தோரு வருஷம் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதருக்கு அது சுருக்கென்று தைத்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று உயிரை விட்டவர் வாயைப் பூட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவருக்குக் கசந்தது. இருவரும் டீயும் கையுமாக உட்கார்ந்து ஊர்வம்பு அளந்த நாள் அது. மச்சினன் இல்லாமல் பொழுது போகவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்னாவது?

கோடை பாதி தாண்டியபோது இன்ஸ்பெக்டர் ஓயாமல் சொறிய ஆரம்பித்தது. வயிற்றில் சிவப்புத் தடிப்பு, கால் இடுக்கில் ஈரப்புண், முதுகெல்லாம் பொடுகு. டிரைவரின் மனைவி கணவரையும் தம்பியையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"எப்பெப்போ குளிப்பாட்டுறீங்க?" என்று கேட்டார் நாய் டாக்டரம்மா.

"தெனமும் காலைல," என்றார் டிரைவர் பெருமையாக.

"தெனமும் சாயங்காலம்," என்றார் வாத்தியார் அதே நேரத்தில்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, நாயின் முதுகை மோந்து பார்த்தார்.

"ரெண்டு வேளையும், மனுஷ சோப்பு போட்டு? தோலோட எண்ணெய்ப் பசை மொத்தமும் போயிருச்சு. சரியா துவட்டாம ஈரம் தங்கிப் புண்ணாயிருச்சு. ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, பேசிக்கவே மாட்டீங்களா?"

இருவரும் சுவரில் இருந்த பூனைப் படத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"மருந்து ஷாம்பு தர்றேன். வாரம் ரெண்டு தடவை, ஆறு வாரம். நுரை பத்து நிமிஷம் ஊறணும், நாய் நக்கிடக் கூடாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் தேய்க்கணும்."

நுரை போட்ட நாயைப் பத்து நிமிஷம் பிடித்து வைப்பது லேசுப்பட்ட காரியமா? பின்கட்டுக் குழாயடியில் இரண்டு முக்காலி போட்டு, நடுவில் இன்ஸ்பெக்டரை நிறுத்தினார்கள்.

"இன்ஸ்பெக்டரே, பின்னங்காலைக் கெட்டியாப் பிடிக்கச் சொல்லுங்க உங்க மாமாவை," என்றார் வாத்தியார்.

"இன்ஸ்பெக்டரே, காதுக்குள்ள தண்ணி போகுதுன்னு அவருகிட்ட சொல்லுங்க. கணக்குல புலியா இருந்தாப் போதுமா?"

தூது போகவேண்டிய இன்ஸ்பெக்டர் ஒரே சிலுப்பலில் இருவர் முகத்துக்கும் நுரை பூசியது.

மூன்றாம் வாரத்தில் அது அடங்கி நிற்கப் பழகிவிட்டது. பத்து நிமிஷமும் சும்மா எப்படி இருப்பது? "கேட்டீங்களா இன்ஸ்பெக்டரே, நேத்து பஸ் கிளம்பினதும் ஒரு அம்மா, 'நான் வீட்டைப் பூட்டினேனா?'ன்னு என்னையே கேட்கிறாங்க," என்றார் டிரைவர். வாத்தியார் குபீரென்று சிரித்துவிட்டு, நாயைப் பார்த்துச் சிரித்ததாகச் சமாளித்தார். மறு குளியலுக்குள் டிரைவர் இன்னும் நாலு கதை சேர்த்து வைத்திருந்தார்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டரம்மா ரோமத்தை விலக்கிப் பார்த்தார். "தோல் பளபளன்னு இருக்கு. இனி மாசம் ஒரு குளியல் போதும். தெனமும் சீவிவிட்டு, விரலிடுக்கைத் துடைச்சு விடுங்க."

டிரைவருக்கு நெஞ்சு பொசுக்கென்று ஆகிவிட்டது. நாய்க்குக் குணமானதில் சந்தோஷம்தான். ஆனால் இனி எந்தச் சாக்கில் போய் அந்த முக்காலியில் உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏனோ வாளியோடு கீழே இறங்கினார். தோளில் துண்டோடு வாத்தியார் முன்னமே குழாயடியில் உட்கார்ந்திருந்தார். வாளியைக் கண்டதுதான் தாமதம், இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டது. இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் சளசளவென்று தண்ணீர் கொட்டியது. தொட்டி வழிகிறது. இந்தத் தடவை மோட்டாரைப் போட்டது வாத்தியார்.

இரண்டு வருஷமாகத் தேக்கி வைத்திருந்த பதிலடி டிரைவரின் நாக்கு நுனிக்கு வந்தது. யார் மூலம் சொல்வது என்று சுற்றிலும் தேடினார். நாயைக் காணோம்.

"மாப்ளே, தண்ணி வழியுது!"

வாத்தியார் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மாமா, அன்னைக்கு நான் பஸ்ஸைப் பத்திச் சொன்னது..."

"எந்த பஸ்ஸு?" என்றார் டிரைவர், முக்காலியை அவர் பக்கம் தள்ளி. "உக்காரு மாப்ளே. பத்து நிமிஷம் இன்னும் ஆகலை."